மாந்தோப்புக்கு வாங்கிய நிலத்தில் கல்வட்டங்கள்: வெளியே சொன்னால் நிலம் போய்விடுமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்து மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஊர், பெயர் அடையாளங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவருக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. இருவரும் சேர்த்த பணத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன் 2 ஏக்கர் 40 சென்ட் மேட்டு நிலம் வாங்கினார்கள். பட்டா இவர் பெயரில். அகலம் சுமார் 60 மீட்டர், நீளம் 160 மீட்டர். கீழ்க்கோடியில் தார்ச்சாலை, மேல்கோடி குன்றில் போய் முட்டுகிறது. அந்த மேல்கோடியில் 30 சென்ட் அளவில், உருண்டைக் கற்களை வட்டமாக நட்ட ஐந்து அமைப்புகள் இருக்கின்றன. மாமனார் "அது பாண்டவர் வீடு, கை வைக்காதே" என்கிறார். போன வைகாசியில் மாங்கன்றுக்குக் குழி எடுத்தபோது ஒரு குழியில் கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகளும், துருவேறிய இரும்புத் துண்டும், நான்கு சிவப்பு மணிகளும் வந்தன. அவற்றைக் கழுவி பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். பக்கத்துப் பட்டாதாரர் தன் நிலத்தில் இருந்த இதேபோன்ற வட்டங்களை ஜேசிபி வைத்துப் பெயர்த்து, கல்லை டிராக்டரில் ஏற்றி விற்கிறார். ஊர்ப் பொது இடத்தில் வேடியப்பன் என்று கும்பிடும் எழுத்துள்ள நடுகல்லுக்கு ஒருவர் விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். கொழுந்தனார் சொல்வது: "யாரிடமும் மூச்சு விடாதீர்கள் அண்ணி, தெரிந்தால் அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொள்ளும். வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை, சமன் செய்துவிடலாம்." சகோதரிக்கு மனம் ஒப்பவில்லை. தொல்லியல் துறைக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாராம், பதில் இல்லை. என்ன செய்வது என்று கேட்கிறார்.

சகோதரி, முதலில் உங்கள் நிலத்தில் இருப்பது என்ன என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பிய படங்களும் அளவுகளும் பெருங்கற்கால ஈமச்சின்னங்களோடு, அதாவது பெரிய கற்களை வைத்து எழுப்பிய பழங்காலப் புதைகுழிகளோடு பொருந்துகின்றன. இறந்தவரின் எலும்பையும் அவர் புழங்கிய பொருள்களையும் புதைத்து, மேலே கல் குவித்து, சுற்றிலும் கல் நட்டது கல்வட்டம். பல வட்டங்களின் நடுவே பலகைக் கற்களால் ஆன கல்லறையோ தாழியோ (புதைக்கப் பயன்பட்ட பெரிய மண்பானை) இருக்கும். உங்கள் மாவட்டம் இதற்குப் பெயர்பெற்றது. மல்லசந்திரம் மேட்டில் கற்திட்டைகள் (பலகைக் கற்களால் தரைக்கு மேலே கட்டிய ஈமச்சின்னங்கள்) இன்றும் நிற்கின்றன. பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் மாநிலத் தொல்லியல் துறை 2021-இல் நடத்திய அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போவதாக 2022 மே மாதம் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். உங்கள் டப்பாவில் இருக்கும் துருத்துண்டை அந்த வரலாற்றோடு சேர்த்துப் பாருங்கள். உள்ளே தங்கம் இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இக்குழிகளில் பொதுவாகக் கிடைப்பவை பானை, இரும்பு, மணி, எலும்பு. தங்கம் தேடுகிறவர்கள் உடைத்துப்போட்டுவிட்டுப் போன கல்லறைகள்தான் ஊர் ஊராகக் கிடக்கின்றன.

நிலம் போய்விடுமா?

கொழுந்தனாரின் பயம் கிராமத்தில் எல்லோருக்கும் உள்ள பயம்தான். ஆனால் அவர் மூன்று வேறு நிலைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்.

முதல் நிலை, இடம் இருக்கிறது என்று துறை வந்து பார்த்து எழுதிவைப்பது. இதனால் உங்கள் உரிமையில் ஒரு சென்ட்கூடக் குறையாது. அதே சமயம் சட்டப் பாதுகாப்பும் இதனால் வந்துவிடாது. நாளிதழில் படத்தோடு செய்தி வந்துவிட்டால் இடம் பாதுகாக்கப்பட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் செய்தியைக் காட்டி ஒரு ஜேசிபியை நிறுத்த முடியாது.

இரண்டாம் நிலை, பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிப்பது. மாநில அரசு 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி அறிவிக்கலாம். தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது என்று மத்திய அரசு 1958-ஆம் ஆண்டின் சட்டப்படி அறிவிக்கலாம். மத்தியச் சட்டத்தில் முதலில் உத்தேச அறிவிக்கையை அரசிதழில் போட்டு, அதன் நகலை இடத்தின் அருகே ஒட்ட வேண்டும். ஆட்சேபணை சொல்ல 2 மாதம் உண்டு. நிலத்துக்காரர் என்ற முறையில் நீங்கள் எழுதித் தரும் ஆட்சேபணையைப் பரிசீலித்த பிறகுதான் இறுதி அறிவிக்கை. அதற்குப் பிறகும் பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கும். மாறுவது பயன்பாடு: அனுமதியில்லாமல் கட்டக்கூடாது, தோண்டக்கூடாது, வெடி வைக்கக்கூடாது, கல் எடுக்கக்கூடாது. பயிர் செய்வதை அந்தச் சட்டம் அடியோடு தடுக்கவில்லை. மேல்மண்ணில் ஓர் அடிக்கு மேல் தோண்டாத சாகுபடிக்கு 19-ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது.

மூன்றாம் நிலைதான் கையகப்படுத்துவது. அது தனி நடவடிக்கை, இழப்பீட்டோடு நடப்பது. கல்வட்டம் இருப்பதைத் தெரிவித்ததால் அது தானாக வந்துவிடாது. அகழாய்வுக்குக்கூட நிலத்தை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கீழடியில் தனியார் தென்னந்தோப்புகளில் உரிமையாளரின் சம்மதத்தோடு குழி போட்டார்கள், முடிந்ததும் மூடிக் கொடுத்தார்கள். மத்தியச் சட்டப்படி அகழாய்வால் உங்களுக்கு விளைச்சல் நஷ்டம் என்றால் இழப்பீடு கேட்க 27-ஆம் பிரிவு இடம் தருகிறது.

வில்லங்கச் சான்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் தெரிவது பதிவுத்துறையில் பதிந்த ஆவணங்கள் மட்டுமே: கிரயம், அடமானம், தானம். தொல்லியல் அறிவிக்கை அதில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் புல எண் ஏற்கெனவே ஏதாவது அறிவிக்கையில் இருக்கிறதா என்று அறிய, மாநிலத் தொல்லியல் துறைக்கும் மத்தியத் தொல்லியல் துறையின் வட்ட அலுவலகத்துக்கும் தனித்தனியே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் எழுத்தில் பதில் வர வேண்டும். அந்தப் பதில் கையில் இருந்தால் நாளைக்கு நிலத்தை விற்கும்போதும் உதவும்.

உங்களுக்குப் பாதகமான பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தேசிய முக்கியத்துவம் என்று அறிவித்துவிட்டால், 2010 திருத்தப்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. புதுக் கட்டடத்துக்கு அனுமதியே கிடையாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. முன் அனுமதி வாங்கிக் கட்டலாம். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மாநிலப் பட்டியலில் சேர்த்தால் எல்லையும் நிபந்தனையும் என்ன என்பதை உத்தேச அறிவிக்கை வரும்போதே கேட்டு வாங்கிப் படியுங்கள். நிலத்தின் நடுவில் மோட்டார் அறையும் சிறு வீடும் கட்ட எண்ணியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வட்டங்கள் மேல்கோடியில் 20 மீட்டர் நீளத்துக்குத்தான் இருக்கின்றன. நிலம் 160 மீட்டர் நீளம் என்பதால், சாலையோரமாகக் கட்டினால் 100 மீட்டருக்கு வெளியே வந்துவிடுவீர்கள். எந்தச் சட்டம் வந்தாலும் வராவிட்டாலும் வீட்டைச் சாலைப் பக்கமே வையுங்கள்.

மாமரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 கன்று. 30 சென்டை விட்டுவிட்டால் உங்களுக்குக் குறைவது 12 மரம். மா நட ஒரு மீட்டர் ஆழக் குழி வேண்டும். அந்த ஆழம் கல்லறையின் மூடுகல்லைத் தொட்டுவிடும், பிறகு வேர் இறங்கிப் பலகைக் கற்களைப் பிளக்கும். ஆகவே அந்த 30 சென்டில் மா வேண்டாம். மாடு மேய விடலாம். வட்டங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில் ராகி போன்ற மேல்வேர்ப் பயிரை மேலோட்டமாக உழுது விதைக்கலாம். டிஸ்க் கலப்பையோ ரிப்பரோ உள்ளே வரக்கூடாது. வேலி போட்டால் கடைசிக் கல்லிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளிக் கால் நடுங்கள். வட்டத்துக்கு வெளியிலும் தாழிகள் புதைந்திருப்பது உண்டு.

பிஸ்கட் டப்பாவில் இருப்பவை

இதுதான் உங்களை நேராகத் தொடும் விஷயம், இதைத் தள்ளிப்போடாதீர்கள். "என் நிலத்தில் கிடைத்தது எனக்குத்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன் பார்வையில் மண்ணில் மறைந்து கிடந்த, மதிப்புள்ள எந்தப் பொருளும் புதையல்தான். பொன்னாகவோ காசாகவோ இருக்க வேண்டியதில்லை. மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், தோராய மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி என்பவை அதில் இருக்க வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது பிணை தர வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் உங்கள் பங்கு அரசுக்குப் போவதோடு ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. முறையாகத் தெரிவித்து, அரசு அதை எடுத்துக்கொண்டால் மூலப்பொருளின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் தர வேண்டும். நான்கு மணிக்கு அது பெரிய தொகையாக வராது. ஆனால் ஒப்புகைச் சீட்டு வந்துவிட்டால் 'ஒளித்து வைத்திருந்தார்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

மாதங்கள் கடந்துவிட்டனவே என்று தயங்க வேண்டாம். குழி எடுக்கும்போது எதிர்பாராமல் வந்தது, இதன் முக்கியத்துவம் பிறகுதான் தெரிந்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். தாமாக முன்வந்து தெரிவிப்பவரை யாரும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

இனிமேல் எதையும் கழுவாதீர்கள். பானையின் உட்புறம் ஒட்டிய மண்ணில்தான் அதில் என்ன இருந்தது என்பதற்கான தடயம் இருக்கிறது. ஓடு, இரும்பு, மணி மூன்றையும் தனித்தனித் தாள் உறையில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் தேதி, எந்தக் குழி, எத்தனை அடி ஆழம் என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரம் பட்டால் கரைந்துவிடும். இரும்பை எண்ணெய் தேய்த்துத் துடைக்க வேண்டாம், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். துரு என்று நீங்கள் பார்க்கும் அந்த மேலோட்டில் துணியின் நெசவுகூடப் பதிந்திருக்கலாம்.

பக்கத்து நிலத்து ஜேசிபி

அறிவிக்கப்படாத சின்னம், அதுவும் இன்னொருவரின் பட்டா நிலத்தில். தொல்லியல் சட்டம் இங்கே பலவீனமானது. அதை மட்டும் நம்பிப் புகார் எழுதினால் 'எங்கள் பட்டியலில் இல்லை' என்று ஒரே வரியில் பதில் வரும். ஆனால் அவர் கல்லையும் கிராவலையும் வண்டியில் ஏற்றி விற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் பிடி இருக்கிறது. பட்டா நிலமாக இருந்தாலும் சிறுகனிமத்தை (கல், கிராவல் போன்றவை) அனுமதியும் நடைச்சீட்டும் (வண்டியில் ஏற்றிச் செல்வதற்கான சீட்டு) இல்லாமல் வெளியே கொண்டுபோவது 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படியும் 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிம விதிகளின்படியும் குற்றம். வண்டியைப் பறிமுதல் செய்யலாம். கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், ஆட்சியரகத்திலுள்ள புவியியல் மற்றும் சுரங்கத் துறை உதவி இயக்குநர் மூவருக்கும் புகார் கொடுங்கள். நாள், நேரம், வண்டி எண், எத்தனை நடை என்று குறியுங்கள். படத்தை உங்கள் நிலத்திலிருந்தோ சாலையிலிருந்தோ எடுங்கள். அவர் நிலத்துக்குள் கால் வைத்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

அவர் கல்லை வெளியே கொண்டுபோகாமல் தன் வரப்பிலேயே அடுக்கினால் இந்தச் சட்டம் அவரைத் தொடாது. அதனால் புகாருக்கு முன் பெரியவர்களை வைத்துப் பேசிப் பாருங்கள். 12 மரக் கணக்கை அவருக்கும் போட்டுக் காட்டுங்கள். உரிமையியல் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்டுச் செலவழிக்க வேண்டாம், அவர் நிலத்தில் உங்களுக்குச் சட்டப்படி பாத்தியதை இல்லை. கடைசி வழி சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு. அதற்கும் முன்னதாக அதிகாரிகளுக்கு மனு கொடுத்த அத்தாட்சி வேண்டும். அது இல்லாமல் போனால் 'முதலில் மனு கொடுங்கள்' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்குள் மிச்சமிருக்கும் வட்டமும் போய்விடும்.

மனு எப்படி இருக்க வேண்டும்

வாட்ஸ்அப் படத்துக்குப் பதில் வராததில் வியப்பில்லை. எந்த வட்டம் (தாலுகா), எந்தக் கிராமம், எந்தப் புல எண் என்று தெரியாமல் ஒரு கோப்புகூடத் திறக்க முடியாது. தொல்லியல் மனுக்கள் தூங்குவதற்கு முதல் காரணம் புல எண் இல்லாததுதான். இரண்டாவது, 'எங்கள் ஊரில் பழங்காலச் சின்னங்கள் உள்ளன' என்று பொதுவாக எழுதுவது.

மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், புல எண், உட்பிரிவு இவை முதல் வரியிலேயே வரட்டும். புலப்பட வரைபடத்தின் நகல் எடுத்து, ஐந்து வட்டங்களையும் அதில் 1 முதல் 5 வரை குறியுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் நின்று கைப்பேசியில் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமத்தில் ஐந்து இலக்கம் வரை எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாம் இலக்கம் தரையில் ஏறத்தாழ ஒரு மீட்டர். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் தள்ளித் தேடுவார்கள். வட்டத்தின் விட்டத்தை வடக்கு-தெற்காக ஒருமுறை, கிழக்கு-மேற்காக ஒருமுறை அளந்து, நிற்கும் கல் எத்தனை, சாய்ந்தது எத்தனை, உயரமான கல்லின் அளவு என்ன என்று எழுதுங்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு 30 செ.மீ. அளவுகோலை வையுங்கள். நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம் போதும்.

மனுவில் கேட்க வேண்டியது மூன்று: துறை அலுவலர் நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டும், 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவிக்கத் தகுதி உண்டா என்று பரிசீலிக்க வேண்டும், அதுவரை அந்தப் புல எண்ணிலும் அடுத்த புல எண்களிலும் குவாரி, மண் எடுப்பு அனுமதி தரக்கூடாது. சென்னை எழும்பூரில் உள்ள மாநிலத் தொல்லியல் துறை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். அதன் நகலைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் நேரில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். 30 நாள் கழித்து அந்த எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் 'என் மனுமீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்புக் குறிப்பின் நகல் தருக' என்று கேட்டால் கோப்பு மேசைக்கு வரும்.

நடுகல்லுக்குத் தனி மனு போடுங்கள், ஊர்க்காரர்களின் கையெழுத்தோடு. அது நிற்கும் இடம் 'அ' பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேடு) என்ன வகைப்பாடு என்று பாருங்கள். கல்லாங்குத்துப் புறம்போக்கு (பாறையும் கல்லுமான அரசு நிலம்) என்று இருக்க வாய்ப்பு அதிகம். புறம்போக்கில் நிற்கும், ஊர் கும்பிடும் கல்லை விற்க யாருக்கும் உரிமை கிடையாது. வழிபாட்டிடத்துச் சிலையைத் திருடினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 305-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை தண்டனை உண்டு. உரிமம் இல்லாமல் தொல்பொருள் வியாபாரம் செய்வது 1972-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். விலை பேசியவரின் கைப்பேசி எண் இருந்தால் காவல் நிலையத்தில் இப்போதே எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கல் போன பிறகு படம்கூட இல்லாமல் அடையாளம் சொல்ல முடியாது.

பதிவு செய்தால் பூசை நின்றுவிடும் என்று ஊரில் யாராவது பயந்தால், கும்பிடுவதை யாரும் நிறுத்தப்போவதில்லை என்று சொல்லுங்கள். கல்லைக் கெடுப்பது பெயின்டும் சிமென்டும்தான். எனாமல் பூசினால் எழுத்தின் பள்ளம் அடைந்துவிடும். தரைக்கு டைல்ஸ் போடும்போது கல்லின் அடிப்பகுதியைச் சிமென்டில் புதைத்துவிட்டால் கடைசி இரண்டு வரி உள்ளே போய்விடும். ஊர்ப் பெயரோ வீரன் பெயரோ அந்த வரியில் இருந்திருக்கலாம். எழுத்து தெரிவதற்காகச் சாக்பீஸ் தேய்க்காதீர்கள். காலை 7 மணி வாக்கில் வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது படம் எடுத்தால் நிழலிலேயே எழுத்து தெளிவாகத் தெரியும்.

கடைசியாக, பானை வந்த அந்தக் குழி. மழைக்கு முன் மூடிவிடுங்கள். திறந்து கிடந்தால் உள்ளே நீர் நின்று பக்கச் சுவர் சரியும், மிச்சமிருக்கும் தாழியும் நொறுங்கும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் இழுக்காமல், ஆர்வலர் குழு என்று வந்து 'கொஞ்சம் தோண்டிப் பார்க்கிறோம்' என்பவர்களையும் விடாமல், அடியில் நான்கு விரல் கனத்துக்கு ஆற்று மணலைப் பரப்புங்கள். அதன் மேல் இந்த ஆண்டு அச்சிட்ட நாணயம் ஒன்றைப் போட்டு, எடுத்த மண்ணையே சலித்துக் கையால் நிரப்புங்கள். பின்னாளில் முறையாகத் தோண்ட வருபவர் அந்த மணலையும் நாணயத்தையும் பார்த்ததும், அதற்கு மேலே கலைந்த மண், கீழே கலையாத மண் என்று புரிந்துகொள்வார்.